பேரைச் சொல்லி எழுந்திரு

ராஜாமணியைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் ‘பயந்த சுபாவம்’ என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்வது. பச்சையாகச் சொன்னால் பயந்தாங்கொள்ளி. வாலாஜாபாத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே கல்யாணமும் கட்டிக்கொண்டு, தினமும் ஒரகடம் வழியாகப் பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வணிகவியல் பாடம் நடத்திவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்புகிற மனிதர். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார மாட்டார். எதிரே வரும் லாரி முழங்கையை உரசிவிடும். கதவோரம் உட்கார மாட்டார், யாராவது தள்ளிவிட்டுவிடுவார்கள். நடுவில் உட்கார்ந்தால் ஜேப்படி. கடைசியில் காலி சீட்டுகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஊர் வந்து சேர்வார்.

குடும்பத்தோடு கோயிலுக்குக் கிளம்பினாலும் பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். “பூட்டு பூட்டிதான் கீது. நீங்க இழுக்கிற இழுப்புலதான் ஒருநாள் பிச்சிக்கப் போவுது” என்று அவர் மனைவி மஞ்சுளா தெருமுனையிலிருந்தே குரல் கொடுப்பாள்.

தொண்ணூற்றொன்று மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்ததே, அதற்குப் பிறகு ராஜாமணியின் பயத்துக்கு ஊரே துணைக்கு வந்தது. பஸ்ஸை நிறுத்தி யார், எந்த ஊர், எங்கே போகிறாய் என்று போலீஸார் விசாரித்தார்கள். ஒருநாள் பேர் கேட்டதற்கு ராஜாமணி பதற்றத்தில் அப்பா பேரைச் சொல்லிவிட்டார். அப்பா பேர் கேட்டதற்குத் தன் பேரைச் சொன்னார். கண்டக்டர் குறுக்கே வந்து, “சார் காலேஜு வாத்தியாருங்க, எப்பவுமே இப்படித்தான்” என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள். அன்றிலிருந்து பஸ் ஏறும்போதெல்லாம் தன் பேர், அப்பா பேர், ஊர் மூன்றையும் மனசுக்குள் வரிசையாக ஒப்பித்துப் பார்த்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவர் தலையில்தான் கல்லூரி முதல்வர் வேலை வழிகாட்டி மையத்தைக் கட்டினார். முடியாது என்று சொல்லவும் ராஜாமணி பயப்படுவார் என்பது அவருக்குத் தெரியும். படிப்பை முடிக்கப் போகிற பிள்ளைகள் அடுத்து என்ன என்று தெரியாமல் முழித்தார்கள். மெட்ராஸுக்குப் போவதா, பெங்களூர் ரோட்டில் ஒன்றிரண்டாக முளைக்கிற கம்பெனிகளில் கேட்டுப் பார்ப்பதா, மேலே படிப்பதா, நிலத்தைப் பார்ப்பதா? அவர்களோடு உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். ஒருவரால் எல்லாரையும் பார்க்க முடியாது என்பதால், முதுகலை மாணவர்கள் இரண்டு பேரை உதவியாளர்களாக எடுத்துப் பழக்க வேண்டும் என்று ஏற்பாடு. அதற்காக ராஜாமணியை முதலில் மெட்ராஸில் ஒரு பயிற்சி முகாமுக்கு அனுப்பினார்கள்.

முகாமில் கற்றுக்கொண்டதில் அவருக்கு ரொம்பப் பிடித்தது ஒரு விதி. வருகிறவருக்கு இதைச் செய், அதைச் செய் என்று யோசனை சொல்லக் கூடாது. கேட்க வேண்டும், கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், முடிவை அவரே எடுக்க வேண்டும். இதைக் கேட்டதும் ராஜாமணிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தன் பேச்சைக் கேட்டு ஒரு பிள்ளை கெட்டுப்போனால் என்ன ஆவது என்பதுதான் அவருடைய பயங்களிலேயே பெரியது. யோசனையே சொல்லக் கூடாதென்றால் பயப்பட என்ன இருக்கிறது. இன்னொரு விதியும் அவருக்கு வசதியாக இருந்தது: அறைக்குள் சொன்னது அறையைத் தாண்டி வெளியே போகக் கூடாது.

மாடிப்படிக்குக் கீழே, விளையாட்டுச் சாமான்கள் போட்டு வைத்திருந்த அறையை மையத்துக்கு ஒதுக்கினார்கள். மேஜை கிடையாது. எதிரெதிராக இரண்டு மர நாற்காலிகள் மட்டும். உதவியாளர்களாக வந்தவர்களில் ஒருத்தி ஜாஸ்மின், ஸ்ரீபெரும்புதூர்க்காரி, எம்.ஏ. படிப்பவள், வாய் சும்மா இருக்காது. மற்றவன் முனிரத்தினம், வடக்குப்பட்டு விவசாயக் குடும்பம், எம்.காம்., கேட்டால் மட்டும் பேசுவான். மாற்றி மாற்றி இளநீலத்தில் இரண்டே அரைக்கைச் சட்டைதான் போடுவான். கையில் எப்போதும் மூன்றடுக்கு டிபன் கேரியர். “சொசைட்டி பேங்க் மேனேஜர் கூட இம்மாம் பெரிய கேரியர் தூக்கினு வரமாட்டாரு” என்று ஜாஸ்மின் கிண்டல் செய்வாள். அவன் சிரிப்பான்.

பயிற்சி என்பது நடிப்புதான். ஒருவர் யோசனை கேட்டு வரும் மாணவராக நடிப்பார். இன்னொருவர் எதிரே உட்கார்ந்து கேட்பார். ராஜாமணி சுவரோரம் நின்று கவனிப்பார். முகாமில் இப்படி நடித்த ஒரு பெண் நாடகம் முடிந்தும் அழுகையை நிறுத்த முடியாமல் சாயங்காலம் வரை தேம்பிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு ராஜாமணி வெலவெலத்துப் போயிருந்தார். அதனால் தன் அறையில் ஒரு வழக்கம் வைத்தார். நடித்து முடித்தவர் அப்படியே எழுந்துவிடக் கூடாது. கையைத் தட்டி உதறிவிட்டு, தன் சொந்தப் பேர், அப்பா பேர், ஊர் மூன்றையும் உரக்கச் சொன்ன பிறகுதான் நாற்காலியை விட்டு எழ வேண்டும். நடித்த ஆள் அங்கேயே நின்றுவிட வேண்டும், நிஜமான ஆள் மட்டும் வெளியே வர வேண்டும்.

“செக்போஸ்ட்ல கேக்கிற மாதிரியே கீதே சார்” என்றாள் ஜாஸ்மின்.

ராஜாமணி முகம் சிவந்தார். ஆனால் வழக்கத்தை விடவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மறுநாள் விடுமுறை என்பதால் கல்லூரியில் அன்றே சாயங்காலம் பூஜை. பியூன் சுப்பராயன் சந்தனக் கிண்ணமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு டைப்ரைட்டர், சைக்கிள் ஸ்டாண்டு, தண்ணீர் மோட்டார் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்துக்கொண்டு வந்தான்.

“நம்ம ஆயுதம் இன்னா சார்? இந்த ரெண்டு சேருதானா?” என்று ஜாஸ்மின் கேட்டாள். சுப்பராயனும் அசராமல் இரண்டு நாற்காலிகளின் முதுகிலும் பொட்டு வைத்துவிட்டுப் போனான்.

அன்றைக்கு மாணவனாக நடிக்க வேண்டியது முனிரத்தினத்தின் முறை. கேரியரைக் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். பேர் சுப்பிரமணி என்று வைத்துக்கொண்டான்.

“சொல்லு சுப்பிரமணி. இன்னா விசயம்?” என்று ஜாஸ்மின் தொடங்கினாள்.

“நான் ஒரு கம்பெனில வேல செய்யறேன்னு வூட்ல சொல்லிகினு கீறேன். நெசத்துல வேல இல்ல. படிச்சிகினு கீறேன்.”

“ஏன் அப்படிச் சொன்ன?”

“டிகிரி முடிச்சதும் எங்கப்பா படிச்சது போதும், வேலைக்குப் போன்னாரு. எனக்குப் படிக்கணும். கெடச்சிடுச்சின்னு ஒரு வார்த்த சொன்னேன். மறுநாளே எங்கம்மா விடியறதுக்குள்ள எழுந்து சோறு கட்டிக் குடுத்துச்சு. அப்பறம் எப்படி இல்லன்னு சொல்றது? டியூசன் எடுத்து வர்றத சம்பளம்னு குடுக்கறேன். காலேஜு சீக்கிரம் வுட்டா, சிப்ட் முடியற நேரம் வரிக்கும் ஏரிக்கர மதகுல குந்திகினு இருப்பேன்.”

“சிப்ட் முடியற வரைக்கும் மதகுல உக்காந்திருப்ப” என்று ஜாஸ்மின் முறைப்படி திருப்பிச் சொன்னாள். ராஜாமணி தலையை ஆட்டிக்கொண்டார். சரியாகச் செய்கிறாள்.

“இப்ப இன்னா புதுசா பயம்?”

“ஆயுத பூஜைக்குக் கம்பெனில குடும்பத்த உள்ள வுட்டு மிஷின்லாம் காட்டுவாங்க இல்ல? எங்கப்பா டிராக்டர் பேசி வெச்சிட்டாரு. எங்க தெருவே வருது, என் மிஷின பாக்க. புதுச் சட்ட தெச்சிருக்காரு.”

“அப்பாகிட்ட உண்மையச் சொன்னா?”

“ஊர் பூரா சொல்லிட்டாரு. இப்ப இல்லன்னா அவரு தலைய எங்க வெச்சிக்குவாரு?”

“அப்ப நாளைக்கு இன்னா பண்ணப் போற?”

அவன் பொட்டு வைத்த எதிர் நாற்காலியைப் பார்த்தான். “நாளிக்கு நான் இருக்கமாட்டேன்.”

ஜாஸ்மின் திரும்பி ராஜாமணியைப் பார்த்தாள். அவரோ உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தார். இத்தனை நாள் வாயைத் திறக்காத பையனா இப்படி நடிக்கிறான்? கொசுவுக்கும் பஸ்ஸுக்கும் பயப்படுகிற மனிதர், அந்த ஒரு நிமிஷம் மட்டும் துளி பயமில்லாமல் நின்றார். அவரை என்ன சொல்வது, வேறு யாராவதாக இருந்தால் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அதற்குள் சுப்பராயன் தலையை நீட்டினான். “பிரின்சிபால் கூப்பிடறாரு. தீபாராதன ஆவப் போவுது.” எல்லாரும் எழுந்தார்கள். ராஜாமணி அவன் தோளைத் தட்டி, “பிரமாதம்பா. எங்கேருந்து புடிச்ச இந்தக் கதைய?” என்றார். முனிரத்தினம் சிரித்தான், கேரியரை எடுத்துக்கொண்டு போனான். ராஜாமணி அறையைப் பூட்டி இழுத்துப் பார்த்தார், போய் மறுபடி வந்து இழுத்துப் பார்த்தார். பிறகு பொரி கடலைப் பொட்டலத்தோடு பஸ் ஏறினார்.

கம்பியைப் பிடித்து நின்றபடி தினப்படி பாராயணத்தைத் தொடங்கினார். ஃபேனை அணைத்தோமா? அணைத்தோம். ஜன்னல் கொக்கி? போட்டோம். நாற்காலி? ஜாஸ்மின் எழுந்தாள். முனிரத்தினம் எழுந்தான். கையைத் தட்டி உதறினானா? அங்கே மனசு நின்றுவிட்டது. உதறவில்லை. பேரைச் சொல்லவில்லை. அப்பா பேர், ஊர், எதுவும் சொல்லவில்லை. சுப்பிரமணியாக உட்கார்ந்தவன் சுப்பிரமணியாகவே வெளியே போய்விட்டான்.

பூஜைக்குக் கூப்பிட்டார்கள், அதனால் மறந்துவிட்டான் என்று தனக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தார். அப்போதுதான் நீலச் சட்டை நினைவுக்கு வந்தது. கம்பெனிக்குப் போகிறவன் போடுகிற சட்டை. மூன்றடுக்குக் கேரியர் நினைவுக்கு வந்தது. விடியறதுக்குள் எழுந்து கட்டிக் கொடுத்த சோறு. ‘நாளிக்கு நான் இருக்கமாட்டேன்’ என்றதும் நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷமாகப் பயந்ததெல்லாம் பயமே இல்லை, இதுதான் பயம் என்று அவருக்குத் தெரிந்தது.

பஸ் ஒரகடம் கூட்டுரோட்டில் நின்றது. இறங்கினால் அடுத்த பஸ் எப்போது என்று தெரியாது. இருட்டிக்கொண்டு வந்தது, மழையும் வரும் போலிருந்தது. அவன் வீட்டில் போய் என்னவென்று சொல்வது? அறைக்குள் கேட்டதை வெளியே விடலாமா? ஒருவேளை நிஜமாகவே நடிப்பாக இருந்துவிட்டால்? இவ்வளவும் யோசித்தபடியே அவர் இறங்கிவிட்டார். பொரிப் பொட்டலம் பஸ்ஸோடு போய்விட்டது.

வடக்குப்பட்டுக்கு வழி கேட்டு நடந்தார். நாய்கள் குரைத்தன. பேர், அப்பா பேர், ஊர் என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். முனிரத்தினம் வீட்டு வாசலில் ஒரு டிராக்டரைக் கழுவி, மாவிலை கட்டி நிறுத்தியிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. எல்லாம் உண்மை.

சைக்கிளுக்குச் சந்தனம் தடவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். முனிரத்தினத்தின் அப்பா சின்னப்பையன். செருப்பும் பேண்டுமாக வந்து நிற்பவரைப் பார்த்ததும் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துவிட்டார்.

“வாங்க சார், கம்பெனி ஆபீசருங்களா? அடியே கோவிந்தம்மா, சேரு எடுத்தா. பையன் இன்னும் வர்ல சார். பூஜ வேல கீது, நேரமாவும்னு சொல்லிட்டுப் போனான்.”

ராஜாமணி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “அவனைப் பார்க்கணுங்க. அவசரம்” என்றார்.

சின்னப்பையன் முகம் மாறிவிட்டது. “இன்னா சார், மிஷின்ல கை கிய் மாட்டிக்கினானா?”

“அதெல்லாம் இல்லீங்க. இங்க ஏரிக்கரை மதகு எந்தப் பக்கம்?”

கம்பெனி ஆபீசருக்கு ஏரி மதகில் என்ன வேலை என்று சின்னப்பையன் கேட்கவில்லை. அவருக்கும் பயம் பிடித்துவிட்டிருந்தது. ராஜாமணியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சைக்கிளை மிதித்தார். பின்னால் உட்கார்ந்தவருக்கு, முன்னால் வியர்த்து நனைகிற முதுகு மட்டும் தெரிந்தது. இவரிடம் சொல்லிவிடலாமா? சொல்லக் கூடாது. சொல்லாமல் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் ஆகிவிட்டால்? “மழைல ஏரி நெம்பி வருது சார், மதகுகிட்ட ஆழம் சாஸ்தி” என்று சின்னப்பையன் மூச்சு வாங்கச் சொன்னார். ராஜாமணிக்குத் தெரிந்த சாமி பேரெல்லாம் மறந்துபோனது.

மதகின் மேல் டிபன் கேரியர் இருந்தது. பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு. ஆள் இல்லை.

சின்னப்பையன் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு, “ரத்தினம்” என்று கத்தினார். அந்தக் குரல் ஏரியின் மேல் போய்த் திரும்பி வந்தது. ராஜாமணி நின்ற இடத்திலேயே குந்திவிட்டார். தண்ணீரை எட்டிப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. என்னிடம்தானே சொன்னான், என் முகத்துக்கு நேராகத்தானே சொன்னான், நான் தோளைத் தட்டிக் கொடுத்தேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

“பா” என்று கீழிருந்து ஒரு குரல் வந்தது.

மதகின் படிக்கட்டில், கடைசிப் படியில் முனிரத்தினம் முழங்கால் வரை தண்ணீரில் கால் விட்டு உட்கார்ந்திருந்தான். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தானோ. சின்னப்பையன் இறங்கப் போனார். ராஜாமணி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு, நீச்சல் தெரியாத அந்த மனிதர், பாசி படிந்த படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கி, அவனுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார். பேண்ட் நனைந்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

நடிக்கும்போது கேட்பதற்கு எவ்வளவோ கேள்விகளைச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. வந்தது ஒன்றுதான்.

“நீ பேரைச் சொல்லாம எந்திரிச்சிட்டப்பா.”

முனிரத்தினம் அவரைப் பார்த்தான்.

“சொல்லிட்டுதான் எந்திரிக்கணும். சொல்லு. நான் பக்கத்துலதான் இருக்கேன்.”

மேலே சின்னப்பையன், “இன்னா சார் நடக்குது?” என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் முனிரத்தினம் நனைந்த கைகளைத் தட்டி உதறினான்.

“என் பேரு முனிரத்தினம். அப்பா பேரு சின்னப்பையன். ஊரு வடக்குப்பட்டு.” நிறுத்தினான். ராஜாமணி கையை விடவில்லை. “நான் எந்தக் கம்பெனிலயும் வேல செய்யல.”

அப்பா அடிக்க வருவாரோ, தலையில் அடித்துக்கொள்வாரோ என்று ராஜாமணி பயந்துகொண்டே அவனை மேலே ஏற்றினார். சின்னப்பையன் இரண்டும் செய்யவில்லை. கீழே கிடந்த சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். ஸ்டாண்டு போட்டார். மறுபடி எடுத்தார். மறுபடி போட்டார்.

“அப்ப தினிக்கும் எங்கடா போன?”

“காலேஜுக்குப் போறேம்பா. எம்.காம். படிக்கறேன்.”

“அத படிச்சா இன்னா வேல?”

எல்லாரிடமும் வேலை பற்றிப் பேசிப் பழகிக்கொண்டிருந்த பையன் தலையைக் குனிந்துகொண்டான். “தெர்லப்பா.”

சின்னப்பையன் மதகின் மேலிருந்த கேரியரை எடுத்தார். கனமாக இருந்தது. திறந்து பார்த்து மூடினார். “துன்னவேயில்ல” என்றார், யாரிடம் என்றில்லாமல். அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். அழுது முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ராஜாமணியிடம் திரும்பினார். “நீங்க ஆபீசரு இல்ல, இவன் வாத்தியாரு. இல்லீங்களா? நாளிக்கு டிராக்டரு கெளம்புது சார். தெருவே ஏறி குந்தும். நான் இன்னா சொல்றது, நீங்களே சொல்லுங்க.”

யோசனை சொல்லக் கூடாது. விதி. சொன்னபடி நடந்து ஏதாவது ஆகிவிட்டால் பழி அவர் மேல்தான்.

“காலேஜுக்குக் கூட்டிட்டு வாங்க” என்றார் ராஜாமணி. வாழ்நாளில் அவர் ஒருவருக்குச் சொன்ன முதல் யோசனை அது. விடுமுறை நாளில் முதல்வரைக் கேட்காமல் அறையைத் திறப்பதா? வீட்டுக்குப் போய்ப் படுத்தும் தூக்கம் வரவில்லை.

மறுநாள் டிராக்டர் வந்தது. வரும் வழியிலேயே சின்னப்பையன் எல்லாரிடமும் உடைத்துச் சொல்லிவிட்டிருந்தார். சிலர் பாதியில் இறங்கிவிட்டார்களாம், சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். வாட்ச்மேன் என்ன கேட்பானோ, முதல்வர் வந்து நிற்பாரோ என்று ராஜாமணி வாசலுக்கும் அறைக்குமாக நடந்தார். வந்தவர்கள் மாடிப்படிக்குக் கீழே குனிந்து குனிந்து நுழைந்தார்கள். பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் அறையை நாலு பக்கமும் பார்த்துவிட்டு, “எங்கப்பா உன் புள்ளயோட மிஷினு?” என்று கேட்டாள். கேலிதான் அது. முனிரத்தினம் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

சின்னப்பையன் புதுச் சட்டை போட்டிருந்தார். பொட்டு வைத்த நாற்காலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “இதான்” என்றார். “இதுல குந்தினு எதுர்ல கீறவன் சொல்றத காது குடுத்துக் கேக்கணுமாம்.”

பிறகு அவரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, எதிர் நாற்காலியை மகனுக்குக் காட்டினார்.

“குந்துடா. ஒரு வர்சமா எங்க போன, எங்க துன்ன, யார்கிட்ட பேசுன, மொதல்லேர்ந்து சொல்லு. நான் கேக்கறேன்.”

ராஜாமணி மற்றவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தானும் வந்தார். உள்ளே என்ன நடக்குமோ என்று அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. கதவை இழுத்துப் பார்க்கவில்லை.